ஸ்டிக்கர், கார்டு மாற்றும் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்பந்து உலகக்கோப்பை வரும் ஆண்டுகளில் பள்ளி வேன், மொட்டை மாடி, டியூஷன் வாசல் எல்லாம் சந்தையாகிவிடும். சென்னையிலும் சரி, லண்டனிலும் பாரிஸிலும் ஜூரிச்சிலும் உள்ள தமிழ் வீடுகளிலும் சரி, கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே வரும் கணக்குகளுக்கு பனினி நிறுவனத்தின் 2022 கத்தார் உலகக்கோப்பை ஆல்பத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் 670 ஸ்டிக்கர்கள், பாக்கெட்டுக்கு 5.

ஸ்டிக்கரும் கார்டும் ஒன்றுதானா?

வேறு வேறு. ஸ்டிக்கருக்கு ஆல்பத்தில் எண் போட்ட கட்டம் உண்டு. ஒட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஒரே ஸ்டிக்கர் இரண்டாவது முறை வந்தால் அது ‘டபுள்’. அதை மாற்றத்தான் முடியும். இத்தாலியின் மொடெனா நகரில் 1961இல் பனினி சகோதரர்கள் தொடங்கிய தொழில் இது. அவர்களுடைய முதல் உலகக்கோப்பை ஆல்பம் 1970 மெக்சிகோ போட்டிக்கு வந்தது.

கார்டு என்பது கெட்டி அட்டை. வழக்கமான அளவு 63.5 × 88.9 மில்லிமீட்டர். டாப்ஸ் நிறுவனத்தின் மேட்ச் அட்டாக்ஸ், ஐபிஎல் வீரர்களோடு வந்த கிரிக்கெட் அட்டாக்ஸ், பனினியின் அட்ரினலின் எக்ஸ்எல் எல்லாம் இந்த வகை. அட்டையில் வீரரின் பலம் எண்ணாக அச்சடித்திருக்கும். இரண்டு பேர் அட்டைகளை மோதவிட்டு விளையாடலாம். ஆகவே ஒரே கார்டு இரண்டு இருந்தாலும் பிள்ளைக்கு அது வீண் இல்லை. விலை பேசும் விதமும் மாறும். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி ஸ்டிக்கரைப் பற்றியது. கார்டுக்கு மட்டும் பொருந்துவதைத் தனியாகச் சொல்கிறோம்.

எத்தனை பாக்கெட் வாங்கினால் ஆல்பம் நிறையும்?

670ஐ 5ஆல் வகுத்து 134 பாக்கெட் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லா வீட்டிலும் தொடங்குகிறார்கள். ஒரு டபுள்கூட வராமல் இருந்தால் மட்டுமே அது சரி.

யாரோடும் மாற்றாமல் வாங்கிக்கொண்டே போனால் சராசரியாக 4,700க்கு மேல் ஸ்டிக்கர்கள், அதாவது சுமார் 950 பாக்கெட்டுகள் தேவைப்படும். உங்கள் ஊரில் ஒரு பாக்கெட் என்ன விலையோ அதால் பெருக்கிப் பாருங்கள்.

இந்தச் செலவு சீராகப் பரவுவதில்லை. பாதி ஆல்பம் ஏறக்குறைய 93 பாக்கெட்டிலேயே நிறைந்துவிடும். தொண்ணூறு சதவீதத்துக்கு 310 பாக்கெட் வரை ஆகும். மிச்சமிருக்கும் 67 ஸ்டிக்கர்களுக்குத்தான் 600க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள் போகின்றன. கடைசிப் பத்துக்கு மட்டும் சுமார் 390, கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 134. காரணம் எளிது: ஒன்றே ஒன்று பாக்கி என்றால், பிரிக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரும் அதுவாக இருக்கும் வாய்ப்பு 670இல் 1. ஏற்கெனவே 669 சேர்த்துவிட்டோம் என்பது பாக்கெட்டுக்குத் தெரியாது.

மாற்றத் தொடங்கினால் எண்கள் சடசடவென்று இறங்கும். இரண்டு பேர் தங்கள் டபுள்களைப் பொதுவில் வைத்து இரண்டு ஆல்பங்களையும் சேர்ந்து முடித்தால் ஆளுக்குத் தோராயமாக 630 பாக்கெட். ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு 400. வகுப்பு முழுவதும் சேர்ந்தால் இன்னும் குறையும். இந்த ஆல்பங்களைப் பொறுத்தவரை மாற்றிக்கொள்வதுதான் விளையாட்டு. வாங்குவது அதற்கு முன்பணம்.

2026 ஆல்பத்தில் 48 அணிகள், 980 ஸ்டிக்கர்கள், பாக்கெட்டுக்கு 7. தனியாக முடிக்க நினைத்தால் ஆயிரம் பாக்கெட்டைத் தாண்டும்.

சில வீரர்களை வேண்டுமென்றே குறைவாக அச்சடிக்கிறார்களா?

எல்லாப் பள்ளியிலும் இந்தப் பேச்சு உண்டு. “எங்க ஸ்கூல்ல யாருக்குமே அந்த கோல்கீப்பர் வரல” என்பார்கள். எல்லா ஸ்டிக்கரும் ஒரே எண்ணிக்கையில்தான் அச்சாகின்றன என்கிறது பனினி. ஜெனீவா பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இருவர் 2010 உலகக்கோப்பை ஸ்டிக்கர்களை ஆயிரக்கணக்கில் பிரித்துச் சோதித்தார்கள். சில ஸ்டிக்கர்கள் மட்டும் அரிது என்று சொல்ல அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது? ஒரு தெருக்கடைக்கு ஒரே பெட்டியிலிருந்து பாக்கெட்டுகள் வருகின்றன. அதை வாங்கும் பத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே குவியலைத்தான் பங்கு போடுகிறார்கள். அதில் ஒருவர் இல்லையென்றால் பத்துப் பேருக்கும் இருக்க மாட்டார். வேறு பேட்டையில் வாங்கும் பிள்ளையோடு ஒருமுறை மாற்றினால் புதிர் அவிழ்ந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2022இல் 20 நட்சத்திர வீரர்களுக்கு அடர்சிவப்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம் என நான்கு நிறங்களில் ‘எக்ஸ்ட்ரா’ ஸ்டிக்கர்கள் வந்தன. இவை உண்மையிலேயே அரிது. ஆனால் 670இல் சேராதவை. ஆல்பத்தில் அவற்றுக்குக் கட்டமே கிடையாது. ஆல்பத்தை முடிப்பதுதான் குறி என்றால் எக்ஸ்ட்ரா கிடைத்த பிள்ளை அதிர்ஷ்டசாலி. அதைக் கொடுத்துத் தேவையான முப்பது நாற்பது ஸ்டிக்கர்களை ஒரே மூச்சில் வாங்கிவிடலாம்.

இல்லாதவற்றின் பட்டியலை எப்படி எழுதுவது?

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். 2022 ஆல்பத்தில் அணிக்கு 20 ஸ்டிக்கர்: சின்னம், அணிப்படம், 18 வீரர்கள். எண்ணும் அணியின் மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு வரும். எனவே வரிக்கு ஓர் அணி: இடது ஓரத்தில் நாட்டின் பெயர், அதன் பக்கத்தில் 1 முதல் 20 வரை. மொத்தம் 32 வரி. பொதுவான 30 ஸ்டிக்கருக்கு இன்னும் இரண்டு வரி. பழைய ஆல்பங்களில் எண்கள் ஒன்றிலிருந்து தொடர்ந்து ஓடும். அவற்றுக்குப் பக்கத்துக்கு நூறாகக் கட்டம் போடுவது வசதி.

ஒட்டியதும் எண்ணைப் பேனாவால் அடிக்கவும். டபுள் வந்தால் எண்ணின் மேலே பென்சிலால் சின்னக் கோடு. இரண்டு டபுள் என்றால் இரண்டு கோடு. கைமாறியதும் அழிக்கலாம். ‘இருப்பவை’ பட்டியலும் ‘இல்லாதவை’ பட்டியலும் தனித்தனியாக எழுதினால் ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒரே பட்டியல்தான் நல்லது.

மொபைல் செயலிகள் இதே வேலையை வேகமாகச் செய்யும். ஆனால் பள்ளிக்கு மொபைல் கொண்டுபோக முடியாதே. நோட்டைப் பிள்ளையே எழுதட்டும். எட்டு வயதில் 32 நாட்டுப் பெயர்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பழகுவது தனி லாபம்.

மாற்றும்போது என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

ஆல்பம் வீட்டிலேயே இருக்கட்டும். பையில் போவது பட்டியலும் டபுள் கட்டும் மட்டும். டபுள்களை அணிவாரியாக, எண் வரிசையில் அடுக்கி, எல்லா முகமும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தால் நூறு ஸ்டிக்கரை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கலைந்து கிடந்தால் இடைவேளையே போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டும் பார்க்க வேண்டும். கட்டுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்ட, எதிரில் இருப்பவர் “இருக்கு, இருக்கு, இல்ல” என்று சொல்லிக்கொண்டே வருவார். ‘இல்ல’ என்றதைக் குறுக்கே நீட்டி வைத்துவிட்டு மேலே போகவும். பிறகு அடுத்தவர் கட்டு. இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் புரட்டினால் எது யாருடையது என்ற தகராறு நிச்சயம்.

அடுத்து, குறுக்கே நீட்டியவற்றைத் தரையிலோ பெஞ்சிலோ எதிரெதிராக இரண்டு வரிசையாக அடுக்கவும். ஒருவருக்கு 9, மற்றவருக்கு 6 என்று வரும், அப்போதுதான் பேரம். இருவரும் சரி என்று சொன்ன பிறகே கை மாற வேண்டும். மாறியதும் அங்கேயே பட்டியலில் அடிக்க வேண்டும். “வீட்டுக்குப் போய் அடிச்சுக்கிறேன்” என்றால் அடுத்த நாள் அதே ஸ்டிக்கரை இன்னொருவரிடம் மறுபடி வாங்கி வருவான்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. 6ஐயும் 9ஐயும் தலைகீழாகப் படிப்பது. ஒருவரிடம் வாக்குக் கொடுத்த ஸ்டிக்கரை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது. எல்லாவற்றையும்விட மோசமானது கடன்: “இப்ப குடு, நான் நாளைக்குத் தரேன்.” கடனில் முறியும் நட்புகளே அதிகம். இருவரும் கையில் கொண்டுவந்ததை மட்டும் மாற்றுவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்று பேர் சேர்ந்து மாற்றிக்கொள்வதும் உண்டு. அருணிடம் இருப்பது பாத்திமாவுக்கு வேண்டும், பாத்திமாவிடம் இருப்பது ஜோசப்புக்கு வேண்டும், ஜோசப்பிடம் இருப்பது அருணுக்கு வேண்டும். இருவராக நின்றால் இது நடக்காது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் இடப்பக்கம் நகர்த்தினால் முடிந்தது.

ஒரே நண்பனோடு மாற்றினால் போதாதா?

முதல் தடவை அள்ளிக்கொண்டு வரும். ஆளுக்கு 100 பாக்கெட் பிரித்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் சராசரியாக 350 வெவ்வேறு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்கும். 150 டபுள்கள் மிஞ்சும், அவற்றில் வெவ்வேறு வீரர்கள் 115 பேர். எதிராளிக்கு ஆல்பத்தில் பாதி காலி என்பதால் அந்த 115இல் ஏறக்குறைய 55 அவருக்குத் தேவைப்படும். ஒரே மாலையில் ஆளுக்கு 55. பாக்கெட் வாங்கிப் பெற வேண்டுமானால் அதற்கு 20க்கு மேல் பிரிக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் அதே இருவர் உட்கார்ந்தால் பூஜ்யம். புதுப் பாக்கெட் வரும்வரை ஒருவரிடம் மற்றவருக்குத் தேவையானது எதுவும் இல்லை. புதுப் பாக்கெட்டைவிடப் புது நண்பர் மலிவு. ஆல்பம் நிறைய நிறைய இது இன்னும் கறாராகும். 20 மட்டும் பாக்கி இருக்கும்போது எதிராளியின் கட்டில் 100 வெவ்வேறு டபுள்கள் இருந்தாலும் உங்களுக்குத் தேவையானது சராசரியாக 3தான். கடைசிக் கட்டத்தில் வேண்டியது நிறையப் பேர். அக்கம்பக்கம், அத்தை பிள்ளைகள், வேறு பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கால்பந்துப் பயிற்சி என்று வலையை விரிக்க வேண்டும்.

மெஸ்ஸிக்கு எத்தனை கேட்கலாம்?

மெஸ்ஸி ஸ்டிக்கரும் யாருக்கும் தெரியாத ஒரு வீரரின் ஸ்டிக்கரும் ஒரே எண்ணிக்கையில்தான் அச்சாகின்றன. ஆல்பத்தில் இருவருக்கும் ஒவ்வொரு கட்டம்தான். ஆனாலும் விளையாட்டு மைதானத்தில் மெஸ்ஸிக்கு ஐந்து கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளையிடம் மெஸ்ஸி டபுள் இருந்தால், அந்த ஐந்தும் தேவையானவையாக இருந்தால், தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். அது ஏமாற்று இல்லை. எதிரில் இருப்பவன் மெஸ்ஸிமேல் உள்ள ஆசைக்கு விலை கொடுக்கிறான். உங்கள் பிள்ளைக்கு மெஸ்ஸி வேண்டுமென்றால் அவசரப்படாமல் இருப்பது நல்லது. தொடர் நடக்க நடக்க எல்லோரிடமும் மெஸ்ஸி டபுள் சேர்ந்துவிடும். விலை தானாக இறங்கும்.

மின்னும் ஸ்டிக்கர்களுக்கு, அதாவது அணிச் சின்னம், கோப்பை போன்றவற்றுக்கு, இரண்டு சாதா என்பது பல இடங்களில் வழக்கம். மின்னுக்கு மின், சாதாவுக்குச் சாதா என்று வைத்துக்கொண்டால் பேரமே தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே தோது.

ஆல்பம் முடியும் தறுவாயில் கணக்கு மாறும். உங்கள் பிள்ளையிடம் 200 டபுள் கிடக்கின்றன, 12 பாக்கி. அந்த 200ஆல் அவனுக்கு வேறு பயன் கிடையாது. ஒன்றுக்கு மூன்று, ஐந்துகூடக் கொடுக்கலாம். அப்போதும் “ஒண்ணுக்கு ஒண்ணுதான் நியாயம்” என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

கார்டுகளுக்கு விலை எப்படிப் பேசுவது?

மூன்று விஷயம் பார்க்கவும். முதலில் ஆண்டு. ஒவ்வொரு பருவத்துக்கும் தொகுப்பு புதிது. போன ஆண்டு கார்டு இந்த ஆண்டு பைண்டரில் (கார்டுகளைச் செருகி வைக்கும் கோப்பில்) சேராது. விவரம் தெரியாத சின்னவர்களிடம் பழைய கார்டைத் தள்ளிவிடுவது பெரிய பிள்ளைகளின் பழைய தந்திரம். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் பருவம் அச்சாகியிருக்கும்.

இரண்டாவது வகை. சாதா கார்டு, மின்னும் கார்டு, குறைந்த பதிப்பு என்று அடுக்குகள் உண்டு. எந்த அடுக்கு எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வரும் என்பதைச் சில நிறுவனங்கள் பாக்கெட்டின் பின்னாலேயே அச்சடிக்கின்றன. அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

மூன்றாவது, அந்தக் கார்டு வேறு வழியில் கிடைக்குமா என்பது. குறைந்த பதிப்புக் கார்டுகள் பல, தகர டப்பாவோடோ பத்திரிகையோடோ உறுதியாகத் தரப்படுபவை. எந்தக் கார்டு உள்ளே இருக்கும் என்று டப்பா மேலேயே படம் போட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றுக்காக முப்பது கார்டைக் கொடுத்துவிட்டு வருவது பரிதாபம்.

பிள்ளை ஏமாந்துவிட்டான். திரும்பக் கேட்கலாமா?

அவன் வருத்தப்படுகிறானா, நீங்கள் வருத்தப்படுகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை பளபளக்கும் கார்டைக் கொடுத்துவிட்டுத் தனக்குப் பிடித்த அணியின் சாதா கார்டோடு வந்து மகிழ்ச்சியாக இருந்தால், அதில் தலையிட ஒன்றுமில்லை.

அவனே அழுதுகொண்டு வந்தால் அன்று மாலைக்குள் பேச வேண்டும். ‘மறுநாள் காலை மணி அடிக்கும்வரை திருப்பிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு கிடையாது’ என்ற ஒரு நாள் விதியை நண்பர் வட்டத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வழக்குகள் தீர்ந்துவிடும். அதற்கும் மேல் இழுத்தால் கார்டு மூன்றாவது ஆளிடம் போயிருக்கும். இந்தியச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அதைச் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பெற்றோர் கார்டை மீட்கலாம். நட்பை மீட்க முடியாது.

வயது வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேச்சே வேறு. ஏழாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வாங்கியதை, மிரட்டியோ நச்சரித்தோ வாங்கியதை மாற்று என்று சொல்ல முடியாது. ஆசிரியரிடம் சொல்லவும். இனிமேல் இரண்டு வயதுக்கு மேல் வித்தியாசம் உள்ளவரோடு மாற்றுவதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பள்ளியில் தடை போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

தடை போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மாற்றிக்கொள்வது அல்ல: வகுப்பு நடக்கும்போது புரட்டுவது, தொலைந்துபோனால் ஆசிரியர் தேடித்தர வேண்டியிருப்பது, வாங்க முடியாத பிள்ளைகள் ஒதுங்கி நிற்பது. தடை இருந்தால் பின்பற்றத்தான் வேண்டும். குடியிருப்பின் பொது இடத்திலோ பூங்காவிலோ வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் என்று நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். ஆல்பமே இல்லாத பிள்ளை வந்தால் ஆளுக்கு ஐந்து டபுள் கொடுத்துத் தொடங்கிவைப்பது நல்ல வழக்கம். அவனும் அடுத்த வாரம் மாற்ற வருவான். கூட்டம் பெருகினால் எல்லோருக்கும் லாபம் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது.

கார்டைத் தட்டித் திருப்பினால் தனக்கே என்று விளையாடுகிறார்கள். சரியா?

அது மாற்று இல்லை, பந்தயம். சாதா டபுள்களோடு, முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஆளுக்குப் பத்து என்ற வரம்போடு விளையாடினால் குடி முழுகாது. ஆனால் தோற்றவன் மீட்பதற்காக இன்னும் வைத்து ஆடுகிறான் என்றால் நிறுத்தவும். பாக்கெட் பிரிப்பதிலேயே கொஞ்சம் சூதாட்டச் சுவை இருக்கிறது. கைக்காசு தீர்ந்ததும் “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்பதை வாரா வாரம் கேட்டால், பாக்கெட்டுக்கு வார வரம்பு வைத்து, மாற்றும் நாளை மட்டும் கூட்டுவது பலன் தரும்.

ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டுவது எப்படி? கோணினால் எடுக்கலாமா?

கையில் எண்ணெய், மிக்சர், சிப்ஸ் இல்லாமல் இருக்கட்டும். ஸ்டிக்கரை லேசாக வளைத்தால் பின்தாளில் உள்ள வெட்டு திறக்கும். ஒரு பாதியை மட்டும் உரித்து, மூலையைக் கட்டத்தின் மூலையோடு பொருத்தி மெல்ல அழுத்தவும். சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு மறுபாதியை உருவவும். முழுத்தாளையும் உரித்துவிட்டு ஒட்டும்போதுதான் கோணல் விழுகிறது.

கோணியதை எடுக்கப் போனால் பெரும்பாலும் பக்கம் கிழியும். அப்படியே விடுவது உத்தமம். வேறு வீரரின் கட்டத்தில் ஒட்டிவிட்டால், டபுள் இருக்கிறதா என்று பாருங்கள். சரியானவரை அதன் மேலேயே ஒட்டிவிடலாம். டபுள் இல்லை, எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டி, மூலையிலிருந்து தட்டையாக இழுக்கவும். மேல்நோக்கித் தூக்கினால் தாள் கூடவே வரும்.

மின்னும் கார்டுகள் வளைந்துபோகின்றன. ஏன்?

ஈரப்பதம். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இது தவிர்க்க முடியாதது. அட்டையின் ஒரு பக்கம் ஃபாயில், அதாவது மின்னும் மெல்லிய படலம். அது ஈரத்தை உறிஞ்சாது. மறுபக்கம் காகிதம், அது உறிஞ்சி விரியும். விரியாத பக்கத்தை நோக்கிக் கார்டு வளைகிறது. ஏசி அறையில் காகிதம் உலர்ந்து சுருங்கினால் எதிர்ப்பக்கமாக வளையும்.

ஸ்லீவில் (கார்டு அளவு பிளாஸ்டிக் உறையில்) போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்துப் பிறகு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், மேற்பூச்சு உரியும். ரப்பர் பேண்டும் வேண்டாம்: விளிம்பில் பள்ளம் விழும், வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்குக் கொண்டுபோக பழைய சோப்பு டப்பாவோ மிட்டாய் டப்பாவோ போதும். வீட்டில் வைக்க, பக்கத்துக்கு ஒன்பது உறை உள்ள பைண்டர். உறை பிவிசியாக இல்லாமல் பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் நல்லது. பிவிசி காலப்போக்கில் பிசுபிசுத்து அச்சைப் பாழாக்கும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் இருக்கும் உறுதியான அசல் ஒன்றோடு ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. பின்பக்கச் சிறு எழுத்தைப் பாருங்கள்: அசலில் கூர்மையாக இருக்கும், போலியில் மசங்கும். கனம், பளபளப்பு, மூலையின் வளைவு ஒத்திருக்க வேண்டும். எண்ணும் வீரரும் ஆல்பத்தின் பட்டியலோடு பொருந்த வேண்டும். கடையில் தொங்கும் ‘தங்க’ பிளாஸ்டிக் கார்டுகள் எந்த அதிகாரபூர்வத் தொகுப்பிலும் இல்லாதவை என்றால், விளையாடலாம், மாற்றக் கூடாது.

பனினியின் பாக்கெட் கட்டும் இயந்திரம் ஒரே பாக்கெட்டில் ஒரே ஸ்டிக்கர் இரண்டு முறை விழாதபடி கலக்குகிறது. அடிக்கடி அப்படி வந்தால் சந்தேகப்படலாம். பாக்கெட்டின் ஓர ஒட்டல் சுருங்கியோ பசை பூசியோ இருந்தாலும் வாங்க வேண்டாம். 2022இல் அர்ஜென்டினாவில் தட்டுப்பாடு முற்றி, அரசின் வணிகத் துறைச் செயலாளரே கடைக்காரர்களையும் நிறுவனத்தையும் அழைத்துப் பேச வேண்டிவந்தது. அந்த மாதிரி நேரங்களில்தான் போலியும் கூடும்.

அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. தபாலில் மாற்றலாமா?

பெற்றோர் பெயரில், பெற்றோர் கையால் மட்டும். பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் பொதுக் குழுக்களில் போட வேண்டாம். முதல் முறை பத்துக்குப் பத்து என்று சிறியதாகத் தொடங்கவும். எண்களை எழுத்தில் உறுதிசெய்து, அனுப்புவதற்கு முன் இருவரும் படம் எடுத்துப் பகிரவும். ஸ்டிக்கர்களை ஒரு தாளில் மடித்து, அந்த மடிப்பை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து உறையில் போடவும். செலோடேப் ஸ்டிக்கரைத் தொடக் கூடாது. வெளிநாட்டு உறவினரோடு மாற்றும்போது பதிப்பைப் பாருங்கள். சில ஆண்டுகளில் நாட்டுக்கு நாடு எண் வரிசை மாறும்.

நேரில் சந்திப்பதென்றால் கூட்டமுள்ள பொது இடம், பகல் நேரம், கூடவே நீங்கள்.

கடைசிப் பத்து கிடைக்கவே மாட்டேன் என்கிறது!

பாக்கெட் வாங்குவதை நிறுத்துங்கள். அந்தக் கட்டத்தில் பாக்கெட் மிக மோசமான வழி. பாக்கி எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி உறவினர், நண்பர் எல்லோருக்கும் கொடுங்கள். பல நாடுகளில் பனினியே விடுபட்ட ஸ்டிக்கர்களை எண் சொல்லி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை, வாங்க அனுமதிக்கிறது. ஒன்றின் விலை பாக்கெட்டில் வருவதைவிட அதிகம்தான். ஆனாலும் கடைசி ஒன்றுக்கு 134 பாக்கெட் என்பதோடு ஒப்பிட்டால் சல்லிசு. அந்த வசதி உங்கள் நாட்டில் இருந்தால் ஐம்பது பாக்கி இருக்கும்போதே நிறுத்தி ஆர்டர் செய்துவிடலாம். யாரோடும் மாற்றாதவருக்கே அப்போது 350 பாக்கெட்டில் வேலை முடிந்துவிடும்.

இவை ஒருநாள் லட்சக்கணக்கில் போகுமா?

1952ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. அந்தத் தொகுப்பில் விற்காமல் தேங்கியதை நிறுவனமே 1960இல் கடலில் கொட்டியது. மிஞ்சியவற்றில் மடங்காமல் பிழைத்தவை சொற்பம். 1980களின் பிற்பகுதியில் எல்லோரும் விலை ஏறும் என்று பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்திய கார்டுகளோ இன்று பெரும்பாலும் காகித விலைக்குக்கூடப் போவதில்லை. எல்லோரும் பத்திரப்படுத்தியதுதான் காரணம். பிள்ளையின் ஆல்பத்தை முதலீடாகப் பார்க்க வேண்டாம். ஒட்டட்டும், தொட்டுப் பார்க்கட்டும்.

ஆல்பம் முடிந்தது. மிஞ்சிய டபுள்களை என்ன செய்வது?

இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அணிவாரியாகப் பிரித்து, மேலே எண்களை எழுதிய உறையில் போட்டுக் கொடுத்தால் வாங்குபவருக்கு உடனே பயன்படும். நோட்டு அட்டை, பென்சில் டப்பா, பீரோக் கதவு என்று ஒட்டுவதற்கும் இடமா இல்லை? அடுத்த உலகக்கோப்பைக்கென்று மட்டும் எடுத்து வைக்க வேண்டாம். நான்கு ஆண்டில் எண்ணும் படமும் மாறிவிடும், பசையும் காய்ந்துவிடும்.